மறையும் கை: சித்திரக்கதை வாசகரும் ‘அடுத்து வரைவது யார்?’ என்னும் வினாவும்

1

அதிமானுட ஆற்றல் படைத்த வீரரைத் தலைவராகக் கொண்ட சித்திரக்கதைகளின் வாசகரிடையே ஒரு விவாதம் நெடுங்காலமாக நிகழ்ந்துவருகின்றது. ஒரு வீரனின் கதையை இதுவரை எழுதியவர் விலகிவிட்டார், அல்லது இறந்துவிட்டார். அடுத்து எழுதத் தக்கவர் யார், வரையத் தக்கவர் யார் என்பதே அவ்விவாதம். மேலோட்டமாக நோக்குமிடத்து இது பொழுதுபோக்காளரின் வீண்பேச்சாகவே தோன்றும். ஆயினும், ஆக்கியோன் மாறப் பாத்திரம் மாறாது நிற்றல், அப்பாத்திரத்தின் உரிமை ஆக்கியோனிடமன்றி மூன்றாம் ஒருவரிடம் இருத்தல், விலை கொடுத்து வாங்குவோர் அடுத்த ஆக்கியோன் பற்றிக் கருத்துரைக்க முற்படுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும்போதுதான் இத்தகைய விவாதம் எழுகின்றது. கம்பனின் காவியத்துக்கு உத்தரகாண்டம் பாடியவராக ஒட்டக்கூத்தர் சொல்லப்படுகின்றார். அதற்கு எவருடைய உரிமைப் பத்திரமும் வேண்டப்படவில்லை. கதை பொதுச் சொத்தாக இருந்தது. எனவே, நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் விவாதம் முதலாளித்துவ உற்பத்தி முறையின்கீழ்க் கலையாக்கம் அடைந்துள்ள நிலையைக் காட்டும் ஒரு சான்றாகும்.

இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக அமைந்தது நூலகத்திற் படித்த கோட்பாடு அன்று. ஆலங்குடாவிற் கேட்ட ஓர் உரையாடல். கற்பிட்டிக் குடாநாட்டின் மேலைக் கடலோரத்தில் அமைந்த அவ்வூர், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கு இடமளித்த ஊர்களுள் ஒன்று. அவ்வாறு வந்த குடும்பமொன்றைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரும், வள்ளங்களின் இயந்திரம் திருத்தும் இளைஞர் ஒருவரும் அட்டை கிழிந்த இரும்புக்கை மாயாவிப் புத்தகம் ஒன்றை நடுவில் வைத்து விவாதித்துக்கொண்டிருந்தனர். மாயாவியை இனி எவராவது புதிதாக எழுதி வரைவதாயின் அவர் எப்படிப்பட்டவராக இருத்தல் வேண்டும் என்பது பொருள். இளைஞர் வேகமும் வண்ணமும் வேண்டுமென்றார். ஆசிரியர் மறுத்தார். “புதுக் கையெல்லாம் சரிவராது தம்பி, அந்தப் பழைய கைதான் வேணும்” என்றார். அந்தப் பழைய கை யாருடையது என்று நான் வினவினேன். இருவருக்கும் தெரியவில்லை. “மாயாவிட கைதானே, நானா” என்று இளைஞர் சிரித்தார்.

அச்சிரிப்பில் அடங்கியுள்ள பிரச்சினையே இக்கட்டுரையின் பொருள். ஆசிரியர் ஓவியன் ஒருவனுடைய கையை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இனங்கண்டு வைத்திருக்கிறார். ஆனால், அந்த ஓவியனை அவர் அறியார். அறிய முடியாதவாறு அவருக்கு அப்புத்தகம் வழங்கப்பட்டுள்ளது.

2

முற்போக்கு விமர்சனம் வெகுசனக் கலைகளை முற்றாகப் புறக்கணித்தது என்று கூறுதல் நியாயமன்று. பேராசிரியர் க. கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) என்னும் நூலில் நாவலைச் சமூகத் தளத்தில் வைத்து ஆராய்ந்தார். பேராசிரியர் கா. சிவத்தம்பி ‘தமிழ்ச் சமூகமும் அதன் சினிமாவும்’ என்னும் நூலில், கற்றோர் ஏளனம் செய்த ஒரு கலையைத் தமிழ்ச் சமூகத்தின் உறவுகளை விளங்கிக்கொள்வதற்கான வாயிலாகக் கொண்டார். சித்திரக்கதைக்கு அத்தகைய ஆய்வு நம்மிடையே வளரவில்லை. ‘நச்சு இலக்கியம்’ என்ற ஒரு தொடரோடு அது பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது.

உலக அரங்கில் இத்துறையிற் செய்யப்பட்ட புகழ்வாய்ந்த மாக்சிய ஆய்வு, சிலி நாட்டில் அலென்டேயின் ஆட்சிக் காலத்தில், 1971இல், ஆரியல் டோர்ஃப்மனும் ஆர்மன்ட் மத்தலாரும் டொனால்ட் டக் கதைகளைப் பற்றி எழுதிய நூலாகும். சிறுவர் கதையென்று தோன்றுவதில் ஏகாதிபத்தியத்தின் கருத்துநிலை எவ்வாறு செயற்படுகின்றது என்பதை அது காட்டியது. 1973இன் இராணுவச் சதிக்குப் பின் அந்நூல் எரிக்கப்பட்டமை அதன் கூர்மைக்குச் சான்று. அதன் அடிப்படை முடிபுகளை நான் ஏற்கிறேன்.

ஆயினும், அவ்வாய்வின் ஒரு குறைபாடு நமது பொருளுக்கு நேரடியாக உரியது. அந்நூல் கதைகள் அனைத்தையும் ‘டிஸ்னி’ என்ற ஒரே பெயருக்குரியனவாகக் கொள்கின்றது. உண்மையில் அவற்றிற் சிறந்த பலவற்றை எழுதி வரைந்தவர் கார்ல் பார்க்ஸ் என்ற ஊதியத் தொழிலாளி. 1942 முதல் 1966இல் ஓய்வுபெறும்வரை அவர் அப்பணியில் இருந்தார். அவருடைய பெயர் எந்தக் கதையிலும் அச்சிடப்படவில்லை. பெயரறியாத வாசகர் அவரது கோடுகளையும் கதைப்பின்னலையும் பிறருடையவற்றிலிருந்து பிரித்தறிந்து, ‘அந்த நல்ல வாத்து ஓவியர்’ என்று குறிப்பிட்டுவந்தனர். 1960 அளவில், அவ்வாசகர் சிலர் முயன்று அவர் யாரென்பதைக் கண்டறிந்தனர்.

இங்கு நாம் மனங்கொள்ளவேண்டியது யாது? வெளியீட்டாளன் தொழிலாளியின் பெயரை மறைத்து நிறுவனத்தின் கையொப்பத்தை இட்டான். நிறுவனத்தை எதிர்த்த விமர்சகரும் அக்கையொப்பத்தை அப்படியே ஏற்றுக்கொண்டனர். தொழிலாளியைத் தேடிச் சென்றவர்கள் கோட்பாடறியாத சாதாரண வாசகர்கள். மாக்சிய விமர்சனம் இதனைத் தன்விமர்சனமாக ஏற்றுக்கொள்ளல் வேண்டும். படைப்பின் கருத்துநிலையை மட்டும் ஆராய்ந்து, அப்படைப்பு எவருடைய உழைப்பினால், எந்த உற்பத்தி உறவுகளுள் உருவாயிற்று என்பதை விடுத்தல் பாதி ஆய்வே.

3

இவ்வகையில், தமிழ் வாசகர் நன்கறிந்த இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம்.

இக்கதை 1962 ஒக்டோபரில், பிரித்தானியாவின் ஃபிளீட்வே நிறுவனம் தொடங்கிய ‘வேலியன்ட்’ என்னும் சிறுவர் வார இதழின் முதலாவது இதழிலிருந்து வெளிவந்தது. லூயிஸ் கிராண்டெல் ஓர் ஆய்வுகூட உதவியாளன். இழந்த வலக்கைக்குப் பதிலாக இரும்புக்கை பொருத்தப்பட்டவன். ஆய்வுகூட விபத்தொன்றில் மின்சாரம் உடலிற் பாய, இரும்புக்கை தவிர்ந்த அவன் உடல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றது. தொடக்கத்தில் அவன் நல்லவனல்லன். கிடைத்த ஆற்றலைக் குற்றச் செயலுக்கே பயன்படுத்துகிறான். பின்னர்தான் மனம் திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகின்றான். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க வீரர்களைப் பின்பற்றி அவனுக்கும் தனி உடை அணிவிக்கப்பட்டது. சிறிது காலத்தில் அது களையப்பட்டது.

இம்மாற்றங்களைப் பாத்திரத்தின் வளர்ச்சியென வாசகர் கொள்வது இயல்பு. அவை ஆசிரியர் குழுவின் சந்தைக் கணிப்புகளோடும் எழுதும் கை மாறியதோடும் தொடர்புடையவை. தொடக்கக் கதைகளை எழுதியவர் அறிவியற் புனைகதையாசிரியரான கென் புல்மர். பின்னர் டொம் டலி எழுதினார். ‘அடுத்து எழுதுவது யார்?’ என்ற வினா மாயாவியைப் பொறுத்தவரை இவ்வாறு முன்பே ஒருமுறை எழுந்து, விடையும் காணப்பட்டுவிட்டது. ஆனால், அது வாசகரின் வினாவாக இருக்கவில்லை. அலுவலகத்தின் வினாவாக இருந்தது. வாசகருக்கு எழுத்தாளர் மாறியதும் அறிவிக்கப்படவில்லை. முதலிலே எழுத்தாளர் ஒருவர் இருந்ததும் அறிவிக்கப்படவில்லை. அக்காலப் பிரித்தானியச் சிறுவர் இதழ்களில் ஆக்கியோர் பெயரை அச்சிடாமையே வழக்கம். பெயரறியப்பட்டவன் கூடுதல் ஊதியம் கேட்பான், போட்டி நிறுவனத்தால் அழைக்கப்படுவான் என்பதை நிறுவனங்கள் உணர்ந்திருந்தன.

ஓவியத்தின் கதை மேலும் குறிப்பிடத்தக்கது. ஆலங்குடா ஆசிரியர் ‘பழைய கை’ என்று கூறியது ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியருடைய கையை. 1919இல் பார்சிலோனாவிற் பிறந்து 1995இல் மறைந்தவர் அவர். ஆழ்ந்த கருநிழல்களும், புகைப்படம் போன்ற முகங்களும், வெற்றிடத்தில் மிதந்து வரும் ஒற்றைக் கையும் அவருடைய தூரிகையால் நம் நினைவில் நிலைத்தன. பிராங்கோவின் சர்வாதிகாரத்தின் கீழிருந்த ஸ்பெயினில், உள்நாட்டு ஊதியம் தாழ்ந்திருந்தமையால், அந்நாட்டு ஓவியர் பலர் முகவர் நிலையங்களின் ஊடாகப் பிரித்தானிய இதழ்களுக்கு வரைந்தனர். பிரித்தானிய நிறுவனத்துக்கு அது மலிவான உழைப்பு. ஸ்பானிய ஓவியனுக்கு அதுவே ஒப்பீட்டளவில் உயர்ந்த ஊதியம். மாயாவியின் சாகசங்கள் இலண்டனில் நிகழ்ந்தன. அவற்றை வரைந்த மேசை பார்சிலோனாவில் இருந்தது. இன்று ஆடைத் தொழிலிலும் கணினித் தொழிலிலும் நாம் காணும் உலக உழைப்புப் பிரிவினை சித்திரக்கதையில் அன்றே நிலைபெற்றிருந்தது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிளாஸ்கோ தனியே வரைந்தவரல்லர். அவருடைய சகோதரர்களான அலெஹான்ட்ரோவும் அட்ரியானோவும் அவரோடு ஒரு குடும்பப் பட்டறையாக உழைத்தனர். எனவே, வாசகர் போற்றும் ‘அந்தக் கை’யும் ஒரு கை அன்று, பல கைகள். தனிமனித மேதைமை என்னும் பூர்சுவாக் கற்பனைக்கும் இங்கு இடமில்லை.

மாக்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில் (1867) பண்டத்தின் மாயத் தன்மையைப் பற்றிப் பேசுகின்றார். மனிதரின் உழைப்பு உறவுகள் பொருள்களுக்கிடையிலான உறவுகள் போலத் தோற்றமளித்தலே அம்மாயம். மாயாவிக் கதையில் உடல் மறைய, கை மட்டும் தெரிகின்றது. மாயாவிக் கதையின் உற்பத்தியிலோ உருவம் மட்டும் தெரிய, அதனை ஆக்கிய கை மறைந்துவிடுகின்றது. இரண்டாவது மாயத்துக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. ஓர் ஒப்பந்தம் போதுமாயிருந்தது.

4

இவ்வொப்பந்தத்தின் மூலவடிவம் அமெரிக்காவில் உருவாயிற்று. 1938இல் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர் சூப்பர்மேன் என்ற பாத்திரத்தின் உரிமையை 130 டொலருக்கு விற்றனர். 1947இல் உரிமை கோரி வழக்காடினர், வேலையும் இழந்தனர், கதையிலிருந்து அவர்களுடைய பெயரும் நீக்கப்பட்டது. 1975இல், சூப்பர்மேன் திரைப்படம் தயாரிக்கப்படவிருந்த வேளையில், எழுந்த பொதுசனக் கண்டனத்தின் பின்னரே இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் உதவித்தொகையும் பெயரும் வழங்கப்பட்டன. இவ்விடைப்பட்ட காலத்திற் சூப்பர்மேனை எழுதியோரும் வரைந்தோரும் பலர். ஆக்கியோன் வெளியேற்றப்பட்ட இடத்திலேயே ‘அடுத்து யார்?’ என்ற வினா பிறக்கின்றது. அவ்வகையில், வாசகரின் ஆர்வமான விவாதம் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வேலைநீக்கமோ விலகலோ மறைந்து நிற்கக் காணலாம்.

சீகலின் வரலாற்றில் நமக்கு நெருங்கிய ஒரு செய்தி உண்டு. 1960களின் பிற்பகுதியில், வருவாய் தேடிய சீகல் பிரித்தானிய ‘லயன்’ வார இதழுக்காக ‘ஸ்பைடர்’ என்னும் கதையை எழுதினார். டெட் கோவன் தொடங்கி, றெஜ் பன் வரைந்துவந்த கதை அது. குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக விளங்கிய ஸ்பைடர் காலப்போக்கிற் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறினான். அங்கும் சீகலின் பெயர் அச்சாகவில்லை. இதே ஸ்பைடர் 1984 முதல் சிவகாசியின் லயன் காமிக்ஸ் வாயிலாகத் தமிழ்ச் சிறுவரின் விருப்புக்குரியவனானான். அதிமானுட வீரன் என்ற வகையையே தோற்றுவித்த எழுத்தாளனின் எழுத்தைத் தமிழ்ச் சிறுவர் படித்துக்கொண்டிருந்தனர். அது அவனுடையதென்பதை அவர்கள் அறியவில்லை.

5

வாசகர் விவாதத்துக்கு அதிகாரம் உண்டா? 1988இல் அமெரிக்காவின் டிசி நிறுவனம் பேட்மேனின் துணைவனான ராபின் வாழ்வதா சாவதா என்று வாசகரிடம் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. அழைப்பொன்றுக்கு 50 சதம் கட்டணம். சாவுக்கு 5,343 வாக்குகளும் வாழ்வுக்கு 5,271 வாக்குகளும் கிடைத்தன. 72 வாக்கு வேறுபாட்டில் ராபின் கொல்லப்பட்டான். ஜிம் ஸ்டார்லின் எழுதி, ஜிம் அப்பாரோ வரைந்த கதை அது.

இதனை வாசக ஜனநாயகம் என்று பாராட்டியோர் உளர். உற்று நோக்கின், வாக்களிக்கும் உரிமை கட்டணம் செலுத்தியோருக்கே இருந்தது. ஒருவர் எத்தனை முறையும் அழைக்கலாம். பாத்திரத்தின் உயிர் வாக்கெடுப்புக்கு விடப்பட்டதேயன்றி, அதன் உரிமையோ எழுதியவன் வரைந்தவனுடைய ஊதியமோ வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை. முதலாளித்துவம் நுகர்வோனுக்குத் தெரிவுச் சுதந்திரத்தை வழங்கும். உற்பத்தி உறவுகளைத் தெரிவுக்குரியனவாக ஒருபோதும் வைக்காது. வாசகரின் ஆர்வமும் இங்கு விற்பனைக்குரிய மூலப்பொருளாகிவிடுகின்றது.

எனினும், இதனோடு நிறுத்திக்கொள்ளின் நாம் மீண்டும் பாதி ஆய்வுக்கே திரும்பியவராவோம். கார்ல் பார்க்ஸைத் தேடிக் கண்டவர்களும் இதே வாசகர்களே. 1975இற் சீகலுக்கும் ஷஸ்டருக்கும் ஆதரவாக ஓவியரும் வாசகரும் குரலெழுப்பினர். 1992இல் முன்னணி ஓவியர் எழுவர் மார்வல் நிறுவனத்திலிருந்து விலகி, ஆக்கியோர்க்கே உரிமை என்ற அடிப்படையில் இமேஜ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, வாசகர் பாத்திரங்களை விட்டு ஓவியரைப் பின்தொடர்ந்து சென்றனர். ‘இவர் வரைந்தால் வாங்குவேன், அவர் வரைந்தால் வாங்கமாட்டேன்’ என்னும் கூற்று நுகர்வோனின் அடம்பிடிப்பாக இருக்கலாம். ஆனால், பாத்திரம் தானே உயிர்வாழ்கின்றது என்ற மாயத்தை அது உடைக்கின்றது. ஒருவன் உழைத்தால்தான் இது உண்டாகும் என்ற அறிவு அக்கூற்றில் அடங்கியுள்ளது. அது வர்க்க உணர்வு ஆகாது. வர்க்க உணர்வுக்கு வேண்டிய ஒரு முற்படியாக அது அமையக்கூடும்.

6

தமிழில் இவ்விவாதம் வேறு வடிவம் பெற்றுள்ளது. சிவகாசியில் மு. சௌந்தரபாண்டியன் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதலிதழே இரும்புக்கை மாயாவி. முல்லை தங்கராசன் அதன் தொடக்க காலத்தில் முக்கிய பங்காற்றினார். 1984 ஜூலையில் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதத்தில் தினத்தந்திக் குழுமத்தின் ராணி காமிக்ஸும் வெளிவரலாயிற்று. தீப்பெட்டிச் சுட்டிகளும் நாட்காட்டிகளும் அச்சிட்டு வளர்ந்த சிவகாசியின் அச்சுத்தொழில் இம்முயற்சிகளுக்குப் பொருளாதார அடித்தளமாயிற்று.

இவ்விதழ்களின் வாசகர் பல்லாண்டுகளாக எழுதிவரும் கடிதங்களின் சாரம், அடுத்து எந்த நாயகன், எந்தக் கதை மறுபதிப்பு என்பதே. டெக்ஸ் வில்லரா, மாயாவியா, ஸ்பைடரா என்று வாசகர் அணிபிரிந்து வாதிடுகின்றனர். யார் எழுதுவது, யார் வரைவது என்ற வினா அங்கு அருகியே எழுகின்றது. தமிழ் வாசகரின் அறிவுக்குறைவு இதற்குக் காரணமன்று. எழுதுவதும் வரைவதும் வேறெங்கோ, வேறெவராலோ முன்பே முடிக்கப்பட்டுவிட்டன. முடிவுற்ற பண்டம் இறக்குமதியாகின்றது. தெரிவு செய்வதற்கு எஞ்சியிருப்பது பண்டத்தின் பெயர் மட்டுமே. சார்புப் பொருளாதாரம் ரசனைக்கும் ஓர் எல்லையை வகுத்துவிடுகின்றது.

இவ்வெல்லைக்குள்ளும் தமிழ் உழைப்பு இல்லாமலில்லை. மாயாவியைத் தமிழில் பேசவைத்தவர் மொழிபெயர்ப்பாளர். கிராண்டெலுக்கு ‘மாயாவி’ என்று பெயரிட்டமை வெறும் பெயர்ப்பு அன்று. மாயாவி என்னும் சொல் கொண்டுவரும் பழங்கதை மரபு முழுவதும் அவ்வாய்வுகூட உதவியாளனுக்கு அதனால் உரியதாயிற்று. ஆங்கிலத்தில் அவன் அறிவியலின் பிள்ளை. தமிழில் அவன் அம்புலிமாமாக் கதைகளின் உறவினனும் ஆனான். பலூன்களுக்குள் தமிழெழுத்தைப் பொருத்தியவர்களும் புதிய அட்டைகளை வரைந்தவர்களும் உளர். வாசகர் எழுப்பவேண்டிய, ஆனால் அரிதாகவே எழுப்பிய வினா, ‘அடுத்து மொழிபெயர்ப்பவர் யார்?’ என்பதாகும்.

தமிழிலேயே தோன்றிய ஒரு தொடர் இதற்கு மறுதலையான சான்றாகின்றது. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ இன்னும் முடியவில்லை. முடிவில்லாத எதனையும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று கூறும் அளவுக்கு அது வழக்கில் வேரூன்றிவிட்டது. தொடக்கத்தில் ஓவியர் கணு வரைந்தார். அவருக்குப் பின் பிறர் வரைந்தனர். சிந்துபாத் நடந்துகொண்டே இருக்கிறான். அவனை நடக்கவைத்த கைகள் மாறியதைப் பெரும்பாலான வாசகர் கவனிக்கவில்லை. நாளொன்றுக்கு மூன்று நான்கு கட்டங்கள் என்னும் உற்பத்தி ஒழுங்கு, ஒரு கைக்கும் மறு கைக்கும் வேறுபாடு தெரியாதவாறு செய்துவிடுகின்றது. ஆலையில் வேலைமுறை மாறும்போது துணியில் அடையாளம் தெரிவதில்லை என்பதைப் போன்றது இது.

7

ஈழத்து நிலை இன்னும் சிக்கலானது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளைக் கட்டுப்படுத்துமாறு நம் முற்போக்கு எழுத்தாளர் குரலெழுப்பினர். 1970இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. வீரகேசரி வெளியீடுகளாக ஈழத்து நாவல்கள் பெருகியமை அதன் நற்பயன். 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரம் மீண்டும் தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கு வாயிலைத் திறந்தது. சித்திரக்கதையைப் பொறுத்தவரை, கிடைத்த இடைவெளியைத் தமிழர் போதிய அளவிற் பயன்படுத்தவில்லை. சிங்களத்தில் நிலை வேறு. 1951இல் லங்காதீபவில் ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்த ‘நீலா’வோடு தொடங்கிய சித்திரக்கதை மரபு 1970களிற் தனி இதழ்களாக விரிந்தது. கஜமென் என்ற பாத்திரத்தைப் படைத்த கமிலஸ் பெரேரா தமது பெயரையே இதழின் தலைப்பிற் பொறித்து வெளியிட்டார். ஓவியனே உரிமையாளனாகவும் இருத்தல் நம் தீவிலேயே இயலுவதாயிற்று.

தமிழில் அத்தகைய நிலைக்கு அண்மித்தவர் ‘சிரித்திரன்’ சுந்தர் எனப்பட்ட சி. சிவஞானசுந்தரம் ஒருவரே எனலாம். அவருடைய சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் பறக்கவில்லை, மறையவில்லை. நம் சமூகத்தின் பொய்மைகளை அவர்கள் நகைத்தனர். 1996இற் சுந்தர் மறைந்தார். சவாரித் தம்பர் இன்றும் சுந்தரின் பெயரோடேயே நினைக்கப்படுகின்றார். பாத்திரத்தையும் ஆக்கியோனையும் பிரிக்கும் நிறுவனம் ஒன்று இங்கு வளரவில்லை. அது ஒருவகையில் நன்மை. ஆனால், அடுத்த தலைமுறை ஓவியனுக்குப் பக்கம் தந்து ஊதியமும் தரும் நிறுவனமும் வளரவில்லை. அது பெருந்தீமை. மாயாவிக்கு அடுத்த கை அலுவலகத்தாற் கொடுக்கப்பட்டது. தம்பருக்கு அடுத்த கை ஊன்ற மேசையே இருக்கவில்லை.

இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட ஒரு முறையை நம் மக்கள் அறியாதவரல்லர். நாட்டுக்கூத்திற் பாத்திரங்கள் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன, ஆடுவோர் மாறுகின்றனர். அண்ணாவியார் முதுமையுற்றபின் அடுத்து யார் என்பதை ஊர் கூடிப் பேசும். அரச வேடம் யாருக்கு என்பதிற் சண்டையும் உண்டு. புத்தளம் முஸ்லிம்களின் களிகம்புக்கும் அண்ணாவி உண்டு. அண்ணாவியாரின் பெயரை அறியாது எவரும் ஆட்டம் பார்ப்பதில்லை. நிலவுடைமைச் சமூகத்தின் சாதி, பால் வரையறைகள் அம்முறையிற் கலந்திருந்தன என்பதை மறுத்தலாகாது. அதனை இலட்சியப்படுத்துவது என் நோக்கமன்று. ஆயினும், வாரிசுரிமை பற்றிய விவாதத்தில் ஆக்குவோனும் காண்போனும் ஒரே சமூகத்தினராக நின்றனர் என்பது கவனத்துக்குரியது.

8

இறுதியாக ஓர் எதிர்வாதத்தை எதிர்கொள்ளல் வேண்டும். உளவாளியாகி அரசுக்கு ஊழியம் புரியும் மாயாவியின் கதை பிற்போக்கானது. அதனை யார் வரைந்தால் என்ன என்று தோழர் சிலர் வினவுவர். மாயாவிக் கதைகளின் கருத்துநிலை பிற்போக்கானது என்பதில் எனக்கும் ஐயமில்லை. பனிப்போர்க் காலப் பிரித்தானிய அரசின் எதிரிகள் அக்கதைகளில் மனித குலத்தின் எதிரிகளாகவே காட்டப்படுகின்றனர். ஆயினும், பிற்போக்கான பண்டத்தை உற்பத்தி செய்யும் தொழிலாளி அதனால் தொழிலாளி அல்லாதவனாகிவிடுவதில்லை. ஊதியம் மறுக்கப்பட்ட அவன் நியாயமும் பிற்போக்காகிவிடுவதில்லை. இன்று அப்பழைய இதழ்களின் உரிமை 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் ரெபெலியன் என்னும் பிரித்தானிய நிறுவனத்தின் கைக்கு மாறியுள்ளது. மறுபதிப்புகளில் டலியின் பெயரும் பிளாஸ்கோவின் பெயரும் அச்சாகின்றன. பிளாஸ்கோ அதனைக் காணவில்லை.

நம் கடமைகள் எளியவை. சித்திரக்கதையை ஆராய்வோர் எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், எழுத்துப் பொருத்தியவர் ஆகியோரின் பெயரைத் தேடிப் பதிவு செய்தல் வேண்டும். தமிழ் வெளியீட்டாளர் அனைவரது பெயரையும் அச்சிடல் வேண்டும். வாசகர் அதனைக் கேட்டு வாங்கல் வேண்டும். நம் பல்கலைக்கழகங்கள் தமது நூலகங்களில் இவ்விதழ்களுக்கு இடமளித்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரையக்கூடிய இளைஞனுக்குப் பக்கமும் ஊதியமும் உரிமையும் கிடைக்கும் கூட்டுறவு வெளியீட்டு முயற்சிகள் தேவை. அவனிடம் நம் சோகத்தை மட்டுமே வரை என்று நாம் கட்டளையிடலாகாது. 1990இல் வீடிழந்து வந்தோரின் பிள்ளைக்குப் பறக்கும் வீரனை வரையவும் உரிமை உண்டு.

ஆலங்குடாவில் அன்று நான் பிளாஸ்கோவின் பெயரைக் கூறினேன். ஆசிரியர் அதனை இருமுறை சொல்லிப் பார்த்தார். பின்னர், அப்புத்தகத்தின் உள்ளட்டையில், வழிவழியாக அதனை வைத்திருந்த வாசகர்கள் தத்தம் பெயரை எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, பேனையால் அப்பெயரை எழுதினார். மொழிபெயர்த்தவர் யார் என்று இளைஞர் கேட்டார். அவ்வினாவுக்கு விடை கூறும் பொறுப்பு இத்துறையில் ஆய்வு செய்யும் நம்மிடமே உள்ளது.